ஆடினால்தான் தூக்கம் வரும் என்பவர்களுக்கு

முழங்காலையும் முழங்கையையும் ஊன்றிக் குப்புறக் கிடந்து, முன்னும் பின்னும் ஆடி ஆடியே தூங்கிப்போகும் குழந்தையைப் பார்க்காத வீடு குறைவு. அந்தக் குழந்தை முப்பது வயதில் வேலைக்குப் போய், கல்யாணமாகி, இன்னும் ராத்திரியில் விளக்கை அணைத்ததும் ஆடிக்கொண்டிருக்கலாம். இப்படி இன்னொருவர் இருக்கிறார் என்பதே ஆடுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. சின்ன வயதில் அடி வாங்கியிருப்பார்கள், "பேய் பிடிச்ச மாதிரி ஆடாதே" என்று கேட்டிருப்பார்கள், பிறகு மறைக்கக் கற்றுக்கொண்டிருப்பார்கள். இந்தக் கையேடு அவர்களுக்காக. ஆட்டத்தை ஒழித்துக்கட்டும் வழியை இதில் தேட வேண்டாம். உடம்புக்கு அடிபடாமல், தூக்கம் கெடாமல், வீட்டில் யாருக்கும் பயப்படாமல் அதோடு வாழ்வதற்கான வேலைகளைத்தான் சொல்கிறோம்.

முதலில் இதன் பெயர். உடம்பை முன்பின்னாக ஆட்டுவது, தலையணையில் தலையை இடவலமாக உருட்டுவது, தலையைத் தலையணையிலோ சுவரிலோ மோதுவது ஆகிய மூன்றையும் மருத்துவர்கள் 'ரித்மிக் மூவ்மென்ட்', அதாவது தூக்கத்தை ஒட்டிய சீரான அசைவு என்று ஒரே குடும்பமாகப் பார்க்கிறார்கள். 1905-லேயே வியன்னாவில் ஜப்பர்ட் என்ற குழந்தை மருத்துவர் தூக்கத்தில் தலையாட்டும் குழந்தைகளைப் பற்றி எழுதிவிட்டார். ஒன்பது மாதக் குழந்தைகளில் பாதிக்கு மேல் இவற்றில் ஏதாவது ஒன்றைச் செய்கின்றன. ஐந்து வயதில் அது நூற்றுக்கு ஐந்து என்ற அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதற்கு மேலும் சிலருக்கு நிற்பதில்லை. வேகம் பெரும்பாலும் விநாடிக்கு அரை முதல் இரண்டு ஆட்டம். ஒரு தடவை தொடங்கினால் பொதுவாகக் கால் மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும்.

நம் புலவர்கள் இதை எப்போதோ கவனித்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்கு உரிய செங்கீரைப் பருவம் என்பது, குழந்தை ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரண்டு கைகளையும் ஊன்றித் தலைநிமிர்ந்து அசைந்தாடுவதைத்தான் பாடுகிறது. பெண்பால் பிள்ளைத்தமிழ் ஊசலில் போய் முடியும். தூளியில் ஆட்டியே நம்மை எல்லாம் தூங்க வைத்தார்கள். பிறகு தூளியைக் கழற்றிவிட்டார்கள். சிலருடைய உடம்பு அதைத் தானே தொடர்ந்தது.

இது ஏன் சுகமாக இருக்கிறது என்றால், காதின் உட்புறத்தில் சமநிலையை உணரும் உறுப்பு இருக்கிறது. சீரான அசைவு அதைத் தொடர்ந்து தட்டும்போது மூளை தூக்கத்தின் பக்கம் சாய்கிறது. ஜெனீவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் 12 ஆண்களை ஆடும் கட்டிலில் முக்கால் மணி நேரப் பகல் தூக்கம் போடவைத்தார்கள். ஆடாத கட்டிலைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். 2019-ல் 18 பேரை வைத்து முழு இரவும் பார்த்தபோது ஆழ்ந்த தூக்கம் கூடியது, இடையில் விழிப்பது குறைந்தது. அந்தக் கட்டில் நான்கு விநாடிக்கு ஒரு முறைதான் ஆடியது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், ஊஞ்சல் பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும்.

மூன்று கேள்விகள்

ஆடுவது மட்டுமே நோய் ஆகாது. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிப் பாருங்கள். ஆட்டத்தால் தூக்கம் குறைந்து பகலில் அசதியாக இருக்கிறதா? உடம்பில் காயம், வலி, முடி கொட்டுதல் இருக்கிறதா? ஆட்டத்துக்காக விருந்து, பயணம், விடுதி, கல்யாணம் என்று எதையாவது தவிர்க்கிறீர்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் படுக்கையைச் சரிசெய்தால் போதும், மற்றதை அப்படியே விட்டுவிடலாம். ஒன்றுக்காவது ஆம் என்றால் கீழே உள்ளது உங்களுக்கு வேண்டும்.

பதில் தெரியாவிட்டால் 14 நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். படுத்த நேரம், ஆடத் தொடங்கிய நேரம், ஏறத்தாழ எத்தனை நிமிடம், அதற்கு முன் என்ன நடந்தது, காலையில் எழுந்தபோது எப்படி இருந்தது ஆகிய ஐந்து போதும். மொபைலை அலமாரியில் சாய்த்துவைத்து இரண்டு மூன்று இரவு வீடியோ எடுங்கள். பக்கத்தில் யாராவது படுத்திருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். பலர் "அஞ்சு நிமிஷம்தான் ஆடுவேன்" என்று நினைத்திருப்பார்கள், வீடியோவில் அதிகாலை மூன்று மணிக்கு இன்னொரு முறை இருக்கும். தூக்கத்துக்குள் நடக்கும் ஆட்டம் நமக்கு நினைவிருக்காது. பகல் அசதிக்கு அந்த இரண்டாவது ஆட்டம் காரணமாக இருக்கலாம்.

படுக்கை

செலவு குறைவு, பலன் அதிகம் என்பதால் இதில் நேரம் செலவழிக்கலாம். ஆட்டக்காரருக்கு மிக நல்ல படுக்கை தரையில் போட்ட நான்கு அங்குலத் தென்னை நார் மெத்தை. கீழே விழ வழியில்லை, சத்தம் இல்லை. ஸ்பிரிங் மெத்தை வேண்டாம். அது ஒவ்வொரு ஆட்டத்தையும் திருப்பிக் கொடுத்துப் பெரிதாக்கும், பக்கத்தில் படுத்திருப்பவரையும் சேர்த்து ஆட்டும். வெறும் பாய் முழங்காலையும் முழங்கையையும் தேய்த்துக் கறுக்க வைக்கும். பாய்தான் வழக்கம் என்றால் மேலே ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள்.

கட்டில்தான் வேண்டும் என்றால் சத்தத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். தினமும் கால் மணி நேரம் முன்பின்னாக ஆடும் கட்டிலில் முதலில் இளகுவது தலைமாட்டுச் சட்டமும் பக்கச் சட்டமும் சேரும் நான்கு மூலைப் போல்ட்டுகள். அவை இளகியதும் இரும்பு இரும்போடு உரசிக் 'க்ரீச்' என்று கத்தும். வெறுமனே முறுக்கினால் மூன்று வாரத்தில் திரும்ப இளகும். போல்ட்டைக் கழற்றி, ஒரு ஸ்பிரிங் வாஷரும், சட்டங்களுக்கு நடுவே ஒரு ரப்பர் வாஷரும் போட்டு முறுக்குங்கள். மாதம் ஒரு முறை ஸ்பேனரால் சரிபாருங்கள். மரக்கட்டிலில் சத்தம் பெரும்பாலும் பலகைகள் சட்டத்தில் உட்காரும் இடத்திலிருந்து வரும். பலகையை எடுத்து, அந்த விளிம்பில் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்துவிட்டு வையுங்கள். எண்ணெய் விட வேண்டாம், மரம் ஊறித் தூசி பிடித்துப் பிறகு இன்னும் மோசமாகக் கத்தும். நான்கு கால்களுக்கும் அடியில் 10 மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர்த் துண்டு வையுங்கள். மாடி வீட்டில் கீழே இருப்பவர்களுக்குக் கேட்காமல் இருக்க இதுவே போதும்.

கட்டிலைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். தலைமாட்டில் 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் சுவர் தேயாது, 'டொக் டொக்' சத்தம் வராது, தலையும் அடிபடாது. தலையை மோதும் வழக்கம் உள்ளவர்கள் தலைமாட்டுப் பக்கம் இரண்டு அங்குலத் திண்டு ஒன்றை நாடாவால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். தளர்வாகச் சாய்த்து வைத்த தலையணை ஒரு மணி நேரத்தில் நழுவிவிடும்.

முடி, கழுத்து

தலை உருட்டுகிறவர்களுக்குப் பின்தலையில் ஒரு கைப்பிடி அளவு முடி சிக்கி, உருண்டு, கம்பளிபோல் ஆகியிருக்கும். சீப்பால் இழுத்தால் வேரோடு வரும். நுனியிலிருந்து தொடங்கி, விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து மேலே வாருங்கள். பருத்தித் தலையணை உறையில் உரசல் அதிகம். வழவழப்பான சாட்டின் உறை போடுங்கள். நீள முடி என்றால் தளரப் பின்னி, பின்னலை உச்சிக்குக் கொண்டுவந்துவிட்டுப் படுங்கள். உரசலால் உதிர்ந்த முடி உரசல் நின்றால் சில மாதங்களில் பெரும்பாலும் வளர்ந்துவிடும். அந்த இடம் பளபளவென்று வழுக்கையாகத் தெரிந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கழுத்துத்தான் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். தலையை மட்டும் வேகமாக உருட்டுவதும் உதறுவதும் கழுத்தை முறுக்கும். பலமாகத் தலை மோதியதில் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்ததாக மருத்துவ ஏடுகளில் அரிதாகப் பதிவு உண்டு. ஆடிய பிறகு கழுத்தின் ஒரு பக்கத்தில் புதிதாகக் கடும் வலி, பார்வை இரட்டையாவது, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை மரத்துப்போவது என்று எது வந்தாலும் அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தலை உருட்டலை இடுப்பு ஆட்டமாக மாற்றப் பழகுவது நல்லது. ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துக்கொண்டு, தோளையும் தலையையும் அசைக்காமல் இடுப்பை மட்டும் மெதுவாக முன்பின் தள்ளுங்கள். முதல் வாரம் திருப்தியாக இருக்காது. இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு ஏற்றுக்கொள்ளும்.

பாட்டுக் கேட்டுக்கொண்டே ஆடுகிறவர்கள் ஒயர் உள்ள இயர்போனைப் படுக்கைக்குக் கொண்டுபோகக் கூடாது. கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

ஊஞ்சல்

ஆட்டம் வேண்டும் என்று உடம்பு கேட்கிறது. அதை நாமே செய்வதற்குப் பதில் ஒரு பொருள் செய்தால் தசைக்கு வேலை இல்லை, தூக்கம் சீக்கிரம் வரும். படுப்பதற்கு முன் 20 நிமிடம் ஊஞ்சலில் உட்கார்ந்தால் படுக்கையில் ஆடும் நேரம் பலருக்குக் குறைகிறது.

ஊஞ்சலின் வேகம் சங்கிலி நீளத்தைப் பொறுத்தது, ஆளின் எடையைப் பொறுத்தது கிடையாது. கொக்கியிலிருந்து உட்கார்ந்தவரின் இடுப்புக்குச் சற்று மேல்வரை ஒரு மீட்டர் இருந்தால் ஒரு முழு ஆட்டத்துக்கு 2 விநாடி ஆகும், 2.25 மீட்டருக்கு 3 விநாடி, 4 மீட்டருக்கு அந்த ஜெனீவாக் கட்டிலைப்போல் 4 விநாடி. பத்தடிக் கூரையில் பலகையைத் தரையிலிருந்து ஒன்றரை அடியில் கட்டினால் 3 விநாடி கிடைக்கும். தூங்க வைக்க அது போதும். ஒரு மீட்டர் நீளத்தில் பால்கனியில் தொங்கும் கூடை ஊஞ்சல் பலருக்கு ஏமாற்றம் தருவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். அது படபடவென்று ஆடும், கிறுகிறுக்கும்.

சீலிங் ஃபேன் கொக்கியில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது ஃபேன் எடைக்குப் போட்டது. பழைய வீடுகளில் உத்தரத்தில் ஊஞ்சல் வளையம் இருக்கும், துரு பிடித்திருக்கிறதா என்று பார்த்துப் பயன்படுத்தலாம். புதிதாகப் போடுவதென்றால் கான்கிரீட் பீமில் பொறியாளரிடம் காட்டிப் போடவேண்டும், வெறும் தளத்தில் துளைக்கக் கூடாது. வாடகை வீட்டில் இரும்புச் சட்டத்தோடு வரும் ஊஞ்சல், அதுவும் இல்லையென்றால் ஆடுநாற்காலி.

ஊஞ்சலுக்கு இடமே இல்லாதவர்களுக்குக் கனம் உதவும். மூன்று அல்லது நான்கு கிலோ வருமாறு ஜமுக்காளங்களை மடித்து, தொடையிலிருந்து இடுப்புவரை போட்டுக்கொண்டு படுங்கள். நம் ஊர் வெயிலில் கடையில் விற்கும் கனமான போர்வை தாங்காது, பருத்தி ஜமுக்காளம் வேர்க்க வைக்காது. நெஞ்சின்மேல் போடக் கூடாது. இளைப்பு உள்ளவர்களும் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களும் இதைச் செய்ய வேண்டாம். குழந்தைகளுக்குச் செய்யவே கூடாது.

இரவு ஆட்டத்தைக் குறைக்க

நோட்டில் "10 மணிக்குப் படுத்தேன், 11:15 வரை ஆடினேன்" என்று தினமும் இருந்தால், தூக்கம் வராத நேரத்தில் படுக்கிறீர்கள் என்று பொருள். காத்திருக்கும் நேரத்தை ஆட்டம் நிரப்புகிறது. படுக்கும் நேரத்தை 11 மணிக்குத் தள்ளுங்கள். எழும் நேரம் ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒன்றாக இருக்கட்டும், பகல் தூக்கம் வேண்டாம். ஆட்டம் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வந்து ஒரு வாரம் நிலைத்தால், படுக்கும் நேரத்தைக் கால் மணி நேரம் முன்னே கொண்டுவாருங்கள். முதல் நான்கைந்து நாள் பகலில் கண் சொக்கும். அதனால் லாரி, பேருந்து ஓட்டுகிறவர்களும், வலிப்பு உள்ளவர்களும், மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

"இன்றோடு நிறுத்திவிடுகிறேன்" என்று கட்டையாகப் படுத்திருப்பது பலிக்காது. அரை மணி நேரம் அடக்கிவைத்த உடம்பு அப்புறம் இரண்டு மடங்கு ஆடும். வீச்சைக் குறைப்பது எளிது. ஒரு முழம் ஆடுகிறவர் ஒரு சாண், பிறகு நான்கு விரல், கடைசியில் கால் கட்டைவிரலை மட்டும் அசைத்தபடி தூங்கும்வரை வரலாம். ஒவ்வொரு படிக்கும் பத்து நாள் கொடுங்கள்.

பகலில், நாலு பேர் நடுவில்

உட்கார்ந்தபடி ஆடுவது சலிப்பிலும் வரும், சந்தோஷத்திலும் வரும், ஆழ்ந்த யோசனையிலும் வரும். பாட்டைப் போட்டுக்கொண்டு ஆடியபடியே மணிக்கணக்கில் மனசுக்குள் கதை ஓட்டுகிறவர்களும் உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழக உளவியலாளர் ஈலி சோமர் 2002-ல் அந்தப் பகற்கனவுக்கு ஒரு தனிப் பெயரே வைத்தார். கதையில் நேரம் போய்ப் படிப்பும் வேலையும் நிற்கிறது என்றால், முதலில் கவனிக்க வேண்டியது அந்தக் கனவை, ஆட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அலுவலகத்தில், வகுப்பில், கோயிலில் ஆடாமல் இருக்க 1973-ல் அஸ்ரின், நன் என்ற உளவியலாளர்கள் வகுத்த முறை நன்றாக வேலை செய்கிறது. ஆட்டம் தொடங்குவதற்கு முந்திய கணத்தைப் பிடிப்பதுதான் அதில் பாதி. ஒரு மாலை நாற்காலியில் வேண்டுமென்றே ஆடிப் பாருங்கள், மிக மெதுவாக. முதலில் முதுகு நாற்காலியின் சாய்விலிருந்து ஓர் அங்குலம் விலகும். குதிகால் மேலே எழும். பார்வை ஓர் இடத்தில் நிலைகுத்தும். பிறகுதான் இடுப்பு அசையும். உங்களுக்கு இவற்றில் எது முதலில் வருகிறது என்று கண்டுபிடியுங்கள். அது வந்ததும் இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, முதுகைச் சாய்வில் ஒட்டி, உள்ளங்கைகளால் தொடையைக் கீழே தள்ளி, மூச்சை மெதுவாக விட்டபடி ஒரு நிமிடம் இருங்கள். உந்துதல் அடங்காவிட்டால் இன்னொரு நிமிடம். பார்ப்பவர்களுக்கு நீங்கள் நேராக உட்கார்ந்திருப்பதுபோல்தான் தெரியும். வீட்டில் தினமும் பத்து முறை ஒத்திகை பார்க்காமல் நேரே அலுவலகக் கூட்டத்தில் செய்யப்போனால் மறந்துவிடும்.

நாள் முழுக்க அடக்காதீர்கள். மதியம் ஒரு பத்து நிமிடம், தனியாக, வேண்டிய மட்டும் ஆடுங்கள். எங்கே, எப்போது என்பது உங்கள் கையில் இருந்தால் போதும். ரயில் பயணத்தில் கீழ் பெர்த் கேளுங்கள். வண்டியின் ஆட்டமே பலரைத் தூங்க வைத்துவிடும், நடுவில் ஆடினாலும் விழுந்து அடிபட மாட்டீர்கள்.

வீட்டில் சொல்வது

கல்யாணம் நிச்சயமானவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. முன்கூட்டியே சொல்வது நல்லது, அதுவும் பகலில், சாதாரணமாக. "எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தூங்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஆடுற பழக்கம் இருக்கு. தொட்டில்ல ஆட்டுற மாதிரிதான், நானே ஆடிக்குவேன். பதினஞ்சு நிமிஷத்துல நின்னுடும். உங்களுக்குத் தொந்தரவா இருந்தா சொல்லுங்க, வழி பண்ணலாம்." இவ்வளவு போதும். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், அந்தத் தொனிதான் எதிரே இருப்பவரைப் பயமுறுத்தும். பெரிய ஒற்றை மெத்தைக்குப் பதில் இரண்டு தனி மெத்தைகளை ஒட்டிப் போட்டால் ஒருவர் அசைவு மற்றவருக்குப் போகாது. துணை முதலில் தூங்கட்டும் என்று காத்திருந்து ஆடுவதைவிட, நீங்கள் முதலில் ஆடித் தூங்குவது இருவருக்கும் நல்லது.

உங்கள் குழந்தையும் ஆடினால்

குடும்பத்தில் இது தொடர்வதுண்டு. அடிக்காதீர்கள், கட்டிப்போடாதீர்கள், ஆடும்போது ஓடிப்போய்த் தூக்கவும் செய்யாதீர்கள். தொட்டிலின் திருகுகளை இறுக்குங்கள், சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொட்டிலில் தலை மோதாமல் இருக்கட்டும் என்று தலையணை அடுக்குவது மூச்சை அடைக்கும், செய்யவே கூடாது. பகலில் ஓடி விளையாடவும் ஊஞ்சலாடவும் விடுங்கள்.

உடனே பார்க்க வேண்டியவை உண்டு. தூங்கி எழுந்ததும் தலையும் கைகளும் சட்டென்று மடங்கி, விட்டு விட்டு வரிசையாக வந்தால் அது ஆட்டமாக இருக்காது, கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். வீடியோ எடுத்து அன்றே காட்டுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, கற்ற சொற்களை இழப்பது, கண்ணும் காதும் சரியில்லை என்ற சந்தேகம் இருந்தால், அரசு மருத்துவமனைகளில் இயங்கும் டி.இ.ஐ.சி. என்ற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இலவசமாகப் பரிசோதிப்பார்கள்.

மருத்துவரிடம் போகும்போது

ஆட்டம் பெரியவரான பிறகு புதிதாகத் தொடங்கினாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் நிறுத்த முடியாவிட்டாலோ, நாக்கைக் கடித்தாலோ, படுக்கை நனைந்தாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். தூக்கத்தில் வரும் வலிப்பு இப்படித் தோன்றலாம். வீடியோவோடு கூடிய இரவுத் தூக்கப் பரிசோதனை இதைப் பிரித்துக் காட்டும். மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு போன்ற மருந்துகள் தொடங்கிய பிறகு உட்காரவே முடியாத தவிப்போடு ஆட்டம் வந்தால் அதற்கு மருந்து காரணமாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்தவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

சாயங்காலத்தில் கால் குடைச்சல், அசைத்தால்தான் நிம்மதி என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். அமைதியற்ற கால் நோய் உள்ளவர்கள் அந்த வேதனையைத் தணிக்கவே ஆடுவதுண்டு. உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினை ரத்தத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண ரத்தசோகைக்கு அளவு வேறு, இந்தக் குடைச்சலுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து தருவதை யோசிப்பார்கள். ஆய்வகத் தாளில் "நார்மல்" என்று அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. மாத்திரை எழுதிக்கொடுத்தால் டீ, காபியிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். பரிசோதனை இல்லாமல் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். பெரிய குறட்டையும் மூச்சு நிற்பதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதைச் சரிசெய்ததும் ஆட்டம் குறைந்தவர்கள் உண்டு.

காயம் படும் அளவுக்குப் போனவர்களுக்குக் குளோனாசெபாம் என்ற நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தைக் குறைந்த அளவில் கொடுப்பதுண்டு. சிலருக்குக் கேட்கும், சிலருக்குச் சில வாரங்களில் பலன் தேய்ந்துவிடும். பழகிப்போகும் மருந்து அது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மதுவோடு சேரக் கூடாது, குறட்டை நோயை மோசமாக்கும். படுக்கை, ஊஞ்சல், நேரம் மூன்றையும் ஒரு இரண்டு மாதம் சரிசெய்து பார்க்காமல் நேரே மாத்திரைக்குப் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

வெட்கத்தால் மருத்துவமனை வாசலை மிதிக்க முடியாதவர்கள் முதலில் 14416-ஐ அழைக்கலாம். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள். நேரில் போகும்போது 14 நாள் நோட்டையும் வீடியோவையும் எடுத்துப் போங்கள், இப்போது சாப்பிடும் மருந்துகளின் அட்டைகளும் கையில் இருக்கட்டும். "குழந்தையில் ஐந்தாறு மாதத்தில் தொடங்கியது, இன்றுவரை நிற்கவில்லை, கூப்பிட்டால் நிறுத்திவிடுவேன்" என்பதை உட்கார்ந்ததுமே சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை வேண்டும், எது வேண்டாம் என்று மருத்துவர் பிரித்துப் பார்க்க அந்த ஒரு வாக்கியம் மிகவும் உதவும்.